மஞ்சள் பூசிய முகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து நன்றாக இருக்காது. மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் பாதி நாள் ஏரிக்கரையில் மாடு மேய்த்தேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வரியும் போகப்போகக் கீழே சரிந்துவிடும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அது இதைவிட மோசம். நான்கு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பூந்தமல்லியில் என் படக்கடைக்கு வருகிறவர்கள், "தொழிலு எங்க கத்துகினே?" என்று கேட்பார்கள். "புரசவாக்கத்துல" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். அது பாதிதான் உண்மை. புரசைவாக்கத்தில் நான் கற்றது கண்ணாடி கழுவுவது. ஆள் முகத்தைப் படம் பிடிக்கக் கற்றது என் தங்கை கல்யாணத்தில். கற்றேன் என்பதைவிட மாட்டிக்கொண்டு விழித்தேன் என்பதுதான் பொருத்தம்.

அப்போது எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில் இருந்தது. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. அப்பா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். நான் தினமும் அம்பத்தூரில் ரயில் ஏறிப் பட்டணம் போய், புரசைவாக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். படம் எடுப்பது முதலாளி. படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டை அவர் மருந்தில் போட்டு எடுத்துக் கொடுப்பார். நான் அதைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, தூசி படாமல் நிறுத்திக் காயவைப்பேன். காமிராவை நான் துடைத்திருக்கிறேன், தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதன் மூடியைத் திறந்து படம் எடுத்ததில்லை.

இந்த வித்தியாசம் என் அம்மாவுக்குப் புரியவே இல்லை. படக்கடையில் வேலை செய்கிறவன் படம் எடுப்பான், அவ்வளவுதான் அவள் கணக்கு.

தங்கைக்குப் பாரிவாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை. கல்யாணம் முடிந்த அடுத்த வாரமே பெண்ணையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறார் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். அம்மா அங்கே வரமாட்டேன் என்றாள். தாலி இழந்தவள் மணையின் முன்னால் நிற்கக்கூடாது என்று அவளை யாரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு இடம் கொடுக்காமல் அவளே ஒதுங்கிக்கொண்டாள்.

நெல் புடைத்துக்கொண்டே ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"உங்கப்பன் மூஞ்சி இப்ப எனக்கு முழுசா வரமாட்டேங்குதுடா. மீச வருது. தோளு வருது. மூஞ்சி வரல. இவளும் கப்பலேறிப் பூட்டா எந்தக் காலத்துல திரும்பி வருவாளோ. அதுக்குள்ள இவ மூஞ்சியும் பூடும். நீதான் எடுத்தாந்து குடுக்கணும்."

"நா எடுக்கறதில்லம்மா. கழுவறவன்."

"கழுவறவனுக்கு எடுக்கத் தெரியாதா? சும்மா சொல்லாதடா."

ஒரு வாரம் முதலாளியின் முன்னால் போய் நின்று நின்று திரும்பினேன். கடைசியில் அவரே கேட்டார்.

"இன்னா நைனா, வாசப்படியிலயே பொம்ம மாதிரி நிக்கற? லீவா?"

லீவும் வேண்டும், காமிராவும் வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எடுக்கப்போறியா? ஆளப் பாத்து 'இப்பிடித் திரும்பு'ன்னு சொல்றதுக்கு உனக்கு வாய் வருமா?"

"தங்கச்சிதானே, சொல்லிடுவேன்."

"தங்கச்சி சரி. சுத்தி நூறு பேரு நிப்பானே, அவன்கிட்ட?"

கிண்டல் செய்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. மூலையில் கிடந்த பழைய காமிராவையும் மூன்று கால் ஸ்டாண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காமிராவின் முன்பக்கம் மடிந்து நீளும் துருத்தியில் கறுப்புத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது. மலிவான பிளேட்டுகள் ஆறு கொடுத்தார். நிழலில் எத்தனை எண்ணும் வரை மூடியைத் திறந்து வைக்க வேண்டும், வெயிலில் எத்தனை என்று சொன்னார். அவ்வளவுதான். எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தால் இன்னும் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அயப்பாக்கம் வழியாக வண்டி கட்டிக்கொண்டு பாரிவாக்கம் போனோம். வழியெல்லாம் காமிராவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை முன்னால் போன வண்டியில் இருந்தாள். அவளுக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது. சண்டைக்காரி. கோபம் வந்தால் சோற்றைத் தொடமாட்டாள், மூலையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வண்டியில் ஏறியதிலிருந்து தலையைக் குனிந்தவள்தான்.

முகூர்த்தம் விடிவதற்கு முன்னால். தீவட்டி வெளிச்சத்தில் என் பிளேட்டில் ஒன்றும் விழாது என்று தெரியும். ஊரே பார்க்கத் தாலி கட்டியபோது நான் காமிராவை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். "இன்னாப்பா, இந்நேரம் எடுக்காத எப்ப எடுப்ப?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். விடிந்தபிறகு என்றேன். "விடிஞ்சப்புறம் ஒருதரம் தாலி கட்டணுமா?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார். பந்தலே சிரித்தது.

விடிந்தது. மணமக்களைப் பந்தலில் ஒரு பெஞ்சின் மேல் உட்காரவைத்தார்கள். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அந்தத் துணிக்குள் மட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் என்னை யாரும் பார்க்க முடியாது. பின்பக்கக் கண்ணாடியில் எல்லோரும் தலைகீழாகத் தொங்கினார்கள். மாப்பிள்ளை, பெஞ்சு, தோரணம் எல்லாம் தெரிந்தது. தங்கையிடம் வகிடும் பூவும்தான் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாலை இருந்தது.

துணிக்குள்ளிருந்தே, "தலைய தூக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. வெளியே வந்து சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கனத்த உடம்பு, நல்ல குரல்.

"இன்னாப்பா சொல்ற? கட்டின பொண்ணு மணையில குந்திகினு வானத்தப் பாக்குமா? குனிஞ்ச தல குனிஞ்சபடிதான். எடுக்கறத எடு."

"மொகம் விழாதுங்க."

"மொகந்தான் கீதே. எங்கியாவது போயிடுச்சா?"

மறுபடியும் பந்தல் சிரித்தது. நான் காமிராவைக் கீழே இறக்கினேன். ஸ்டாண்டின் கால்களை அகட்டி, கிட்டத்தட்டத் தரையில் குந்தி, அவள் முகத்துக்குக் கீழிருந்து பார்த்தேன். இப்போது முகம் தெரிந்தது. மூடியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். அதற்குள் மாமா வந்து மாப்பிள்ளையின் தோளில் கைவைத்து நின்றுகொண்டார். தானும் விழ வேண்டுமாம். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஓடி வந்தவர்கள் என் பிளேட்டில் புகை போல விழப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "நில்லுங்க" என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

இரண்டாவது பிளேட்டை எடுக்கும்போது யாரோ சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது எடுக்கும்போது மாப்பிள்ளை எறும்பு கடித்து எழுந்தார். அவர் நல்ல மனுஷன். "மச்சான், கோச்சிக்காத. உங்க தங்கச்சிய கட்டிகினதுக்கு மொத சோதன" என்று காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். நான்காவது பிளேட்டுக்குத்தான் எல்லோரும் சாப்பிடப் போய்ப் பந்தல் காலியானது. மாமியாரும் பந்தி பார்க்கப் போனாள், பெஞ்சில் மணமக்கள் மட்டும் இருந்தார்கள். தங்கை மெல்ல முகத்தைத் தூக்கி, "சீக்கிரம் எடுண்ணா, பசிக்குது" என்றாள். எடுத்தேன். நன்றாக எண்ணி, நடுங்காமல் மூடினேன். அம்மாவுக்கு முகம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலை முதல் ரயிலில் கடைக்குப் போனேன். முதலாளி மருந்து கலந்து கொடுத்து, "நீயே போடு" என்றார். சிவப்பு விளக்குக்கு அடியில் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக மருந்தில் ஆட்டினேன். முதல் மூன்றும் எதிர்பார்த்தபடிதான் இருந்தன. நான்காவது கூர்மையாக எழுந்தது. காயவைத்து, வெயிலில் காகிதத்தில் பதித்துப் பார்த்தேன்.

தங்கையின் முகம் கறுப்பாக இருந்தது. மாநிறம் என்றோ நிழல் என்றோ சொல்லக்கூடிய கறுப்பு இல்லை, அடுப்புக்கரி கறுப்பு. நெற்றியும் பொட்டும் ஒன்றாகிவிட்டன. உதடு எங்கே என்று தெரியவில்லை. கண்ணின் வெள்ளையும் மூக்குத்திக் கல்லும் மல்லிகைப் பூவும் மட்டும் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் மாப்பிள்ளையின் முகம் பார்த்தபடியே சரியாக இருந்தது. வெளிச்சமும் சரி, எண்ணியதும் சரி. என் தங்கை மட்டும் எப்படி இப்படி?

முதலாளி என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மஞ்சா பூசினு இருந்துச்சா?"

"கல்யாணப் பொண்ணாச்சே."

"அப்ப இப்பிடித்தான் வரும். மஞ்சா, செவப்பு ரெண்டும் இந்தப் பிளேட்டு கண்ணுக்குத் தெரியாது. கறுப்பாத்தான் காட்டும்."

"இத மின்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்கக்கூடாது என்று தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். படம் எடுக்கிற அறையில் ஒரு டப்பா முகப்பவுடர் எப்போதும் இருக்கும். படம் எடுக்க வரும் பெண்கள் எல்லோரும் அதைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அலங்காரத்துக்கு என்றே நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தினமும் அந்த டப்பாவின் மூடியைத் துடைத்தவன் நான்தான்.

"இன்னும் ரெண்டு பிளேட்டு கீதுல்ல? மேல பவுடரப் போட்டு எடு. இல்லாங்காட்டி மூஞ்சியக் கழுவச் சொல்லு. இதுக்குப்போய்..." என்றார். டப்பாவில் கொஞ்சம் பவுடரைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அதற்கு மறுநாள் மறுவீடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தோம். மாமியாரும் மாமாவும் கூட வந்தார்கள். சாயங்காலமே திரும்பிப் போக வேண்டும், கப்பலுக்குச் சாமான் கட்ட வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தங்கை உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் போனபோது அம்மா நிமிர்ந்து, "எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். "இன்னிக்கு எடுத்துடறேன்" என்றேன்.

விருந்து முடிந்ததும் தோட்டத்துப் பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவரின் முன்னால் பெஞ்சைப் போட்டேன். இந்த வீடு எங்கள் வீடு, இங்கே என்னால் பேச முடியும் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை வந்து உட்கார்ந்தாள். முகத்தில் மஞ்சள் அன்றைக்கு இன்னும் கனமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

"இன்னாண்ணா இது?"

"பவுடரு. மேல பூசிக்கோ. இல்லாட்டி படத்துல கறுப்பா வரும்."

அவள் ஒரு விரலால் தொட்டிருப்பாள். அதற்குள் மாமியார் வந்துவிட்டாள்.

"இன்னாது அது? மாவா? என் மருமவளுக்குக் கூத்தாடி வேஷம் கட்றியா?"

"இல்லீங்க, படத்துக்கு..."

"படத்துக்கு வேஷமா? எங்க ஊட்டுப் பொண்ணு வேஷங்கட்டிகினு குந்தாது. கீழ போடு அத்த."

தங்கை பொட்டலத்தைக் கீழே வைத்தாள். அங்கேயே நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் சேர்ந்து, வராத வாய் அப்போதுதான் வந்தது.

"அப்ப பவுடரு வேணாங்க. ஒரு அஞ்சி நிமிசம் மூஞ்சியக் கழுவிகினு வரச் சொல்லுங்க. அந்த மஞ்சா மட்டும் போனா போதும்."

நான் என்ன சொன்னேன் என்பது மாமாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தாலி கட்டி மூணு நாளு ஆவல" என்றாள் மாமியார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "மஞ்சாவக் கழுவுன்றான். கூடப் பொறந்தவன் சொல்ற சொல்லாடா இது? என் புள்ள உசுரோட கல்லு மாதிரி எதிர்ல நிக்கறான். கேட்டியா நீ? கேட்டியாடா?"

மாப்பிள்ளை, "உடும்மா, படத்துக்குச் சொன்னாரு" என்றார். மாமியார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தாள்.

"உங்க ஊட்டு வளப்பு இதானா? இந்த வாய வெச்சிகினுதான் நீயும் வந்து கீறியா? ரங்கூன்ல போயி என் புள்ளகிட்ட என்னென்ன சொல்லுவியோ."

அவள் செய்யாத குற்றத்துக்கு அவளுக்குத் திட்டு விழுந்தது. அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள். அவள் ஒரு சொல் பேசினாலும், மஞ்சள் இல்லாத முகத்தோடு அவள் அங்கே நிற்பதே பேச்சாகிவிடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. பேசாமல் உள்ளே போய்விட்டாள். மாமியார், "வண்டியப் பூட்டுங்க, போலாம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள். மாமாவும் பின்னால் போனார்.

நானும் தங்கையும் மாப்பிள்ளையும் மட்டும் நின்றோம். நான் கேட்ட மன்னிப்பு என் காதிலேயே விழவில்லை. காமிராவை மடித்துக் கட்டப் போனேன்.

"எங்க போற?" என்றாள் தங்கை. "எடு."

"வேணாம். மஞ்சாவோட எடுத்தா..."

"எடுன்னா எடேன். இவ்ளோ பேச்சு வாங்கி வெச்சிட்டு இப்ப எடுக்காத போறியா? அம்மா கேட்டாங்க இல்ல? எடு."

பெஞ்சில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் தயங்கி உட்கார்ந்து, "மச்சான், நா இருக்கவா, போவா?" என்று கேட்டார். இருங்கள் என்றேன். மாலை வெயில் சுவரில் அடித்து எல்லாம் வெள்ளையாக இருந்தது. அவருடைய சட்டையும் வேட்டியும் வெள்ளை. துணிக்குள் போனேன். முதன்முறையாகத் தங்கையின் முகம் நேராக எனக்குக் கிடைத்தது. தலை குனியவில்லை. கண் இமைக்காமல் அவள் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காமிராவை என்று எழுதிவிட்டேன். அவள் பார்த்தது என்னைத்தான்.

மஞ்சளைப் பிளேட்டால் பார்க்க முடியவில்லை என்றால், அது பார்க்கும்வரை திறந்துவைத்தால் என்ன என்று அந்தத் துணிக்குள்தான் தோன்றியது. எவ்வளவு நேரம் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மூடியைத் திறந்தேன். முதலாளி சொன்ன எண்ணிக்கையைத் தாண்டி எண்ணினேன். மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தார். வாசல் பக்கம் திரும்பி, "வரோம்மா" என்றார். தங்கை அசையவில்லை. எனக்கு எண்ணிக்கையே தப்பிவிட்டது. அவள் கண் கலங்குவது போல் இருந்தது. அப்போதுதான் மூடினேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அம்மாவிடம் சொல்லிக்கொண்டு நேராக வண்டியில் ஏறினாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மிச்சமிருந்த ஒரு பிளேட்டைப் போட எனக்குக் கை வரவில்லை.

அடுத்த வாரம் கப்பல் போனது. சித்தப்பா துறைமுகத்துக்குப் போய்விட்டு வந்தார். நான் போகவில்லை, கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை இருந்தது. அந்தப் பிளேட்டை அதுவரை நான் மருந்தில் போடாமலே வைத்திருந்தேன். கப்பல் போன மறுநாள்தான் போட்டேன்.

முகம் வந்தது. நெற்றி, பொட்டு, மூக்கு, உதடு, மேலுதட்டில் சின்ன வயதில் விழுந்த தழும்புகூட வந்தது. நிறம் கொஞ்சம் அடர்த்தி, ஆனால் முகம். மஞ்சளை ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்திருக்க வேண்டும். குதிக்க முடியவில்லை. முகத்தைத் தவிர மற்ற எல்லாம் வெந்துபோயிருந்தது. சுவர் வெறும் வெள்ளை, பூ வெறும் வெள்ளை. பெஞ்சில் அவள் பக்கத்தில் வெள்ளையாக ஒரு புகை இருந்தது. புகைக்கு மேலே கறுப்பாக ஒரு குடுமி மட்டும் இரண்டாகத் தெரிந்தது. அதுதான் மாப்பிள்ளை.

முதலாளி பார்த்துவிட்டு, "மாப்ள எங்க?" என்றார்.

"அங்கதான் கீறாரு."

"இத அவங்க ஊட்ல காட்டிடாத. கையக் கால முறிச்சிடுவாங்க. ஆமா, இந்தப் பொண்ணு ஏன் உன்ன கடிச்சித் திங்கற மாதிரி பாக்குது?"

அதுவேறு. படத்தில் தழும்பு விழுந்த அளவுக்குத் தெளிவாக அவள் கோபமும் விழுந்திருந்தது. புருவம் இரண்டும் நெருங்கி, கண் நேராக, உதடு இறுகி இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் முதலாளி எப்போதும், "சிரிக்க வேணாம், மொகத்த லேசா வெச்சிக்க" என்பார். அதுதான் முறை. நான் ஊரெல்லாம் பேச்சு வாங்கி, காமிராவைக் கடன் கேட்டு, தங்கைக்கும் திட்டு வாங்கி வைத்து, அம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போகப்போவது ஒரு முறைப்பு. கப்பல் போய்விட்டது. இன்னொன்று எடுக்க ஆள் இல்லை. படத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். அம்பத்தூரில் இறங்கி வீடு வரைக்கும் அதை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தேன். பிளேட் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்காக வாசலுக்கு வந்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள்.

"பக்கத்துல இன்னாடா இது, அடுப்புப் பொக மாதிரி?"

"மாப்பிள்ள."

"அய்யய்யோ." கட்டைவிரலால் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டாள். முகத்தை மட்டும் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றாமலே நின்றிருந்தேன்.

"யாரு மேல இவ்ளோ கோவம்?"

"என் மேலதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தாள்.

"இவதாண்டா. சோறு வேணாம்னு குந்திகினா இப்பிடித்தான் பாப்பா. பாரேன், அப்பிடியே கீறா."

நன்றாக எடுத்திருக்கிறாய் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மாப்பிள்ளை புகையாக இருக்கும் படத்தை யாராவது பார்த்தால் வம்பு. புடவைப் பெட்டியில் மேலாக வைத்திருந்தாள். காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும். சிரித்த படமாக இருந்தால் பார்த்துவிட்டு மூடியிருப்பாள். இது முறைக்கிற படம், அதனால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "இன்னாடி மொறைக்கற? நானா உன்ன ரங்கூனுக்கு அனுப்சேன்?" என்பாள். மழை பெய்யாததற்கும், மாடு பால் குறைந்ததற்கும், ரங்கூனிலிருந்து சேதி வரத் தாமதமானதற்கும் அந்த முகத்தோடு சண்டை போடுவாள். பிறகு, "போ, போயி வேலயப் பாரு" என்று பெட்டியை மூடிவிட்டு, அரிசி களைய உட்காருவாள்.

எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது என்று எழுதினால் பொய். எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தக் கோபம் என் மேல் வந்த கோபம். அதற்கு நான் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அம்மாதான் தினமும் என் இடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். இப்போது நான் கடை வைத்திருக்கிறேன். என்னிடமும் பவுடர் டப்பா இருக்கிறது. கல்யாணப் பெண்கள் வந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே பக்குவமாகச் சொல்லிப் பூசச் சொல்கிறேன். யாரும் சண்டைக்கு வருவதில்லை. எல்லோரும் வெளுப்பாக, அமைதியாக விழுகிறார்கள். கொடுத்த படத்தைப் பார்த்து யாரும் விழுந்து சிரித்ததில்லை, யாரும் அதனிடம் பேசியும் நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சில நாள் தங்கையின் அந்த முறைப்பு நினைவுக்கு வந்து, அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடாது.

ஈஸ்வர வருஷம், கார்த்திகை மாதம் 9ஆம் தேதி, பூந்தமல்லி.